முன் ப்ரொபெல்லரைக் கழற்ற வேண்டாம், ஹப்பை ஒழுங்காக மாட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலை ஜீப்புகளின் டீசல் செலவைப் பற்றி உங்கள் இதழில் போன வாரம் வந்த வாசகர் கடிதத்தைப் படித்தேன். நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் ஃபோர் வீல் ஜீப் வைத்திருப்பவர்கள், முன் சக்கரப் பக்கம் விசையைக் கொண்டுபோகும் நீளத் தண்டான முன் ப்ரொபெல்லர் ஷாஃப்டைக் கழற்றி வீட்டில் போட்டுவிடலாம், அல்லது முன் சக்கரத்தை ஆக்சிலிலிருந்து விடுவிக்கவும் சேர்க்கவும் கையால் திருப்பும் ஃப்ரீ வீல் ஹப்பை வாங்கி மாட்டிக்கொள்ளலாம், பலன் ஒன்றுதான், மாட்டுவது அரை மணி நேர வேலை, லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர் கூடும் என்று அந்த வாசகர் எழுதியிருக்கிறார். ஹப் மாட்டச் சொன்னது நல்ல யோசனை. மற்ற எதுவும் சரியில்லை. அதை நம்பி யாராவது ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் இந்தக் கடிதம் வந்துவிட வேண்டும் என்பதற்காக அவசரமாக எழுதுகிறேன்.

நான் போடிநாயக்கனூரில் ஜீப் உதிரிபாகக் கடை நடத்துகிறேன். மாமனார் தொடங்கிய கடை, அவருக்குப் பிறகு கல்லாவில் நான்தான். பக்கத்து ஷட்டரில் கொழுந்தனாரின் பட்டறை. விடிவதற்கு முன்பே ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு முந்தல் வழியாகப் போடிமெட்டு மலைப்பாதை ஏறி, கேரளத்தில் பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் போகும் ஜீப்புகள் எங்கள் கடைக்கு வராமல் இருக்காது. இந்த வண்டிகளுக்கு ஒரே நாளில் இரண்டு விதமான ரோடு. மெட்டு ஏறி இறங்குவது தார் ரோடு. அதற்கு ஃபோர் வீல் தேவையே இல்லை, போடவும் கூடாது. மெயின் ரோட்டை விட்டுத் தோட்டத்துக்குள் திரும்பினால் செம்மண்ணும் உருட்டுக்கல்லும், ஜூன் மாதம் மழை பிடித்துவிட்டால் முழங்கால் சேறும். அங்கே ஃபோர் வீல் இல்லாமல் முடியாது. இப்படி இரண்டும் கலந்து ஓடும் வண்டிக்காகவே வந்த சாமான் இந்த ஹப்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து, பட்டாளத்து ஜீப்புகளை அமெரிக்காவில் சாதாரண ஜனங்கள் வாங்கி ஊருக்குள் ஓட்டத் தொடங்கிய காலம். அப்போது 1948இல் சியாட்டிலில் கம்பெனி தொடங்கிய ஆர்தர் வார்ன் என்பவர், அந்த ஜீப்புகளை ரோட்டில் ஓட்டுவதற்கு ஏற்ற மாதிரி இந்த ஹப்பைச் செய்து விற்றார். வார்ன் என்ற பெயர் இன்றைக்கும் ஹப்பிலும், வண்டியைக் கயிறு கட்டி இழுக்கும் வின்ச்சிலும் இருக்கிறது. நம் நாட்டு மகிந்திரா ஜீப்பும் அதே வில்லீஸ் ஜீப்பிலிருந்து வந்ததுதான். அதனால் அன்றைக்கு அவர்களுக்கு இருந்த அதே தொல்லை நம் பழைய ஜீப்புகளுக்கும் இருக்கிறது.

அந்தத் தொல்லை இதுதான். பழைய ஜீப்பின் முன் சக்கர நடுவில் ஆறு போல்ட்டில் ஒரு தட்டு இருக்கும். உள்ளே இருக்கும் ஆக்சில் ஷாஃப்டையும் சக்கரத்தையும் அந்தத் தட்டு நிரந்தரமாகப் பிடித்து வைத்திருக்கிறது. டிரைவர் டூ வீலில் ஓட்டினாலும் முன் சக்கரம் சுற்றும்போது இரண்டு ஷாஃப்டும் சுற்றும், ஆக்சில் நடுவில் இருக்கும் பல்சக்கரங்களான கிரவுனும் பினியனும் சுற்றும், முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் வரைக்கும் முன் ப்ரொபெல்லரும் சேர்ந்து சுற்றும். ஒரு வேலையும் செய்யாமல் இவ்வளவு இரும்பும் நாள் முழுக்கச் சும்மா உருளுகிறது. தட்டை எடுத்துவிட்டு ஹப்பைப் போட்டு, அதன் முகத்தில் இருக்கும் திருகியை ஃப்ரீயில் வைத்தால் சக்கரம் மட்டும் பேரிங்கில் ஓடும், உள்ளே எல்லாம் அப்படியே நிற்கும். லாக்கில் வைத்தால் பழையபடி ஷாஃப்டும் சக்கரமும் ஒன்று.

இப்போது ப்ரொபெல்லரைக் கழற்றுகிறவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். தட்டு அப்படியே இருப்பதால் ஷாஃப்டும் கிரவுனும் பினியனும் முன்போலவே சுற்றுகின்றன. நின்றுபோனது ப்ரொபெல்லர் ஒன்று மட்டும்தான். டீசலிலும் தேய்மானத்திலும் பெரிதாக ஒன்றும் மிச்சமாகாது. ஆனால் ஃபோர் வீல் சுத்தமாகப் போய்விட்டது. சிலர் தட்டையும் சேர்த்து எடுத்துவிட்டு, அந்த ஓட்டையைத் தகர மூடியால் அடைத்துக்கொண்டு வருகிறார்கள். ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் சேறும் தண்ணீரும் வீல் பேரிங்குக்குள் இறங்கிவிடுகிறது. பேரிங் சத்தம் கேட்கிறது என்று எங்களிடம்தான் வருவார்கள்.

ஏற்றத்துக்குத்தானே ஃபோர் வீல், பின் சக்கரம் சுற்றினால் ஆட்கள் இறங்கித் தள்ளிக்கொள்வார்கள் என்று டிரைவர்கள் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். என் பயமெல்லாம் இறக்கத்தைப் பற்றித்தான். சாயங்காலம் வேலை முடிந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு, நனைந்த செம்மண் சரிவில் வண்டி இறங்குகிறது. இறக்கத்தில் வண்டியின் பாரம் முன்பக்கம் சாயும், பின்பக்கம் லேசாகும். லோ கியரில், ஆக்சிலரேட்டரை விட்டதும் இன்ஜினே வண்டியைப் பிடித்து வைக்கும் இன்ஜின் பிடிப்பில் மெதுவாக இறங்கலாம் என்று டிரைவர் நினைக்கிறார். ஆனால் அந்தப் பிடிப்பு பின் சக்கரத்துக்கு மட்டும்தான் போகிறது. லேசாகிப்போன பின் சக்கரம் வழுக்கும், வண்டியின் பின்பக்கம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். நான்கு சக்கரத்துக்கும் பிடிப்பு போனால் பாரம் நிற்கிற முன் சக்கரமே வண்டியைத் தாங்கி இறக்கும். பிரேக்கை அமுக்க வேண்டிய அவசியமே பல இடத்தில் வராது. ஆள் ஏற்றும் வண்டியில் ஃபோர் வீலைப் பிடுங்கிப் போடுவதை எந்தக் காரணத்துக்காகவும் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

இன்னொன்று. பழைய ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் ப்ரொபெல்லர் தொடங்கும் இடத்தில் ஒரு டிரம்மாக இருக்கும். ஃபோர் வீல் போட்டு ஹப்பும் லாக்கில் இருந்தால் அந்த ஹேண்ட் பிரேக் முன் சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும். சரிவில் நிறுத்தி மூட்டை ஏற்றுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, ஹப் மாட்டும் வேலைக்கு வருகிறேன்.

கடைக்கு வந்து "ஜீப்புக்கு ஹப் ஒரு ஜோடி குடுங்க அக்கா" என்று கேட்டால் நான் உடனே எடுத்துக் கொடுக்க மாட்டேன். ஷாஃப்ட் முனையில் எத்தனை பல் என்று எண்ணிக்கொண்டு வரச் சொல்வேன். பழைய வில்லீஸ் வகை ஆக்சிலில் 10 பல் இருக்கும், தட்டில் ஆறு போல்ட். பிறகு வந்த வண்டிகளில் பல்லும் மாறும், போல்ட் வட்டமும் மாறும். பழைய வண்டிகளில் யாராவது எப்போதோ வேறு ஆக்சிலை மாற்றி வைத்திருப்பார்கள், அதனால் ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்து ஹப் வாங்கக் கூடாது, ஷாஃப்டைப் பார்த்து வாங்க வேண்டும்.

வேலையைத் தொடங்கும்போது பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் கொடுக்க வேண்டும். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வைக்க வேண்டும், ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. சக்கரத்தைக் கழற்றும்போது ஒரு விஷயம்: சில பழைய ஜீப்புகளில் இடதுபக்க வீல் நட் லெஃப்ட் திரெட். வழக்கமான பக்கம் திருப்பினால் இறுகும். அது தெரியாமல் குழாயைச் சொருகி ஏறி நின்று மிதித்து ஸ்டட்டை முறித்தவர்கள் உண்டு.

தட்டின் ஆறு போல்ட்டையும் எடுத்துத் தட்டை உருவியதும் உள்ளே வீல் பேரிங்கைப் பிடித்திருக்கும் இரண்டு பெரிய நட்டும், நடுவில் லாக் வாஷரும் தெரியும். அரை மணி நேரத்தில் ஹப் மாட்டுகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு அப்படியே மூடிவிடுகிறார்கள். மூடக் கூடாது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் வெளி நட்டைக் கழற்றி, வாஷரின் மடிப்பை நிமிர்த்தி, பேரிங்கை வெளியே எடுத்துக் கழுவிப் பார்த்து, புது கிரீஸ் வைத்து உட்கார வைக்க வேண்டும். உள் நட்டை சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, சக்கரம் பிடிக்கும் வரை கொண்டுபோய், பிறகு ஆறில் ஒரு சுற்று அளவு பின்னால் விட வேண்டும். அதற்கு மேல் வாஷர், வெளி நட், வாஷரின் ஓரத்தை நட் மேல் மடிப்பது. இந்த மடிப்பை விட்டுவிட்டால் நட் தானாகக் கழன்று வந்து புது ஹப்பை உள்ளிருந்து இடித்து உடைக்கும். இதற்கு உளியும் சுத்தியலும் வைத்து நட்டைத் தட்டித் திருப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அந்த நட்டுக்கென்றே பெரிய ஆறுபட்டை சாக்கெட் இருக்கிறது. எங்கள் கடையில் அதை இரவலாகவே கொடுக்கிறோம்.

அப்புறம் கிரீஸ். வீல் பேரிங்குக்கு வைக்கும் கெட்டி கிரீஸை ஹப்புக்குள்ளேயும் ரொப்பி மூடினால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். ஹப்புக்குள் ஒரு வளையம் ஸ்பிரிங் தள்ளி முன்னும் பின்னும் நகர்ந்துதான் லாக் ஆகிறது. கிரீஸ் அடைத்துக்கொண்டால் அந்த வளையம் முழுதாக நகராது. மலை மேல் விடியற்காலைக் குளிரில் கிரீஸ் இறுகிப்போனால் திருகியே திரும்பாது. திருகி பாதி திரும்பி, வளையத்தின் பல் பாதி மட்டும் மாட்டியிருக்கும்போது சேற்றில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் பல் வழித்துக்கொண்டு போய்விடும். உள்ளே மெல்லியதாகத் தடவினால் போதும்.

ஹப் உட்காரும் முகத்தில், இடையில் வைக்கும் பேக்கிங் தாள் பழையது ஒட்டியிருந்தால் முழுக்கச் சுரண்டி எடுத்து, புது பேக்கிங் வைத்து, போல்ட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். போல்ட்டில் லாக் திரவம் ஒரு சொட்டு. ஷாஃப்ட் முனையில் மாட்டும் கம்பி வளையமான சர்க்ளிப் அதன் பள்ளத்தில் முழுதாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். மேல் மூடியை மாட்டும்போது திருகி ஃப்ரீயில் இருக்க வேண்டும். மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் வளையம் முறுக்காமல் இருக்க வேண்டும், அது போனால் முதல் ஓடையிலேயே தண்ணீர் உள்ளே போகும். சில நாள் ஓட்டிய பிறகு போல்ட்டுகளை இன்னொரு முறை இறுக்கம் பார்க்க வேண்டும். இதை யாரும் செய்வதில்லை. மட்டமான ஹப்பைக் கொடுத்துவிட்டீர்கள் என்று ஒருவர் கோபத்தோடு கொண்டுவந்து கல்லா மேஜையில் வைத்த ஹப் இன்னும் என்னிடம் இருக்கிறது. உள்ளே பல், ஸ்பிரிங் எல்லாம் புதுசு போல இருக்கின்றன. ஆறு போல்ட் ஓட்டையும் முட்டை வடிவத்துக்கு இழுத்துப் போயிருக்கின்றன. தளர்ந்த போல்ட்டோடு பாரம் ஏற்றி ஓட்டினால் அப்படித்தான் ஆகும். புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு அதைக் கையில் கொடுத்துக் காட்டுகிறோம்.

மாட்டி முடித்த பிறகு, சக்கரம் தரையில் இறங்குவதற்கு முன்னால் சோதித்துவிட வேண்டும். கியரை டூ வீலில் வைத்து, இரண்டு ஹப்பையும் ஃப்ரீயில் வைத்து ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினால் அது மட்டும் சுற்ற வேண்டும். ப்ரொபெல்லர் அசையக் கூடாது, எதிர்ப்பக்கச் சக்கரமும் அசையக் கூடாது. இரண்டையும் லாக்கில் வைத்துச் சுற்றினால் ப்ரொபெல்லர் கூடவே சுற்றும், அல்லது எதிர்ப்பக்கச் சக்கரம் தலைகீழ்த் திசையில் சுற்றும். இரண்டுமே சரிதான்.

கழற்றிய பழைய தட்டு இரண்டையும் இரும்புக் கடையில் போடாதீர்கள் என்று வாங்குகிற எல்லாரிடமும் சொல்கிறேன். அதன் போல்ட்டுகளோடு துணியில் சுற்றி சீட்டுக்கு அடியில் வையுங்கள். தட்டின் போல்ட்டும் ஹப்பின் போல்ட்டும் ஒரே நீளம் இருக்காது, அதனால் போல்ட் சேர்ந்தே இருக்க வேண்டும். தோட்டத்துக்குள் ஹப் உடைந்தால் தட்டை மாட்டிக்கொண்டு ஃபோர் வீலிலேயே வீடு வந்து சேரலாம்.

இவ்வளவும் மெக்கானிக் பார்த்துக்கொள்வார். டிரைவருக்குச் சொல்லித் தருவதுதான் இங்கே விட்டுப்போகிறது. ஹப்பை லாக் செய்தாலே ஃபோர் வீல் விழுந்துவிட்டது என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. லாக் செய்வது சக்கரத்தை ஷாஃப்டோடு சேர்க்கிறது, அவ்வளவுதான். வண்டிக்குள் ஃபோர் வீல் கியரைப் போட்டால்தான் முன்பக்கத்துக்கு விசை வரும். அதனால் மழைநாளில் மெட்டு ஏறும் முன்னே கீழேயே இரண்டு ஹப்பையும் லாக்கில் வைத்துவிட்டு டூ வீல் கியரிலேயே தார் ரோட்டில் போகலாம், ஒன்றும் ஆகாது. தோட்டத்து வாசலில் சேற்றுக்குள் இறங்கித் திருக வேண்டியதில்லை. ஆனால் காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் கியரைப் போடக் கூடாது. கொண்டை ஊசி வளைவில் முன் சக்கரம் பின் சக்கரத்தை விட அதிக தூரம் சுற்ற வேண்டும், இந்த ஜீப்புகளில் அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க நடுவில் ஒன்றும் இல்லை. ஸ்டியரிங் இரும்பாகும், டயர் தேயும், ஜாயிண்ட் போகும், கியர் மாட்டிக்கொண்டு வெளியே வராது.

ஒரு பக்கம் லாக், ஒரு பக்கம் ஃப்ரீ என்று விடுவது இன்னும் மோசம். ஒரு தோட்டத்து ஜீப்பைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். ஃபோர் வீல் செத்துவிட்டது, டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரிக்க வேண்டும் என்று டிரைவர் தம்பி கொழுந்தனாரிடம் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கடை வாசலில் நின்றபடியே பார்த்தேன். வலதுபக்கத் திருகி சேறு அப்பிக் கிடந்தது. துடைத்துப் பார்த்தால் ஃப்ரீ. இடது மட்டும் லாக். போட்ட விசை எல்லாம் பாரமே இல்லாத வலது ஷாஃப்ட் வழியாகச் சும்மா சுற்றிப் போயிருக்கிறது. வலதுபக்கத்தைத் திருப்பினோம், வண்டி சரியாகிவிட்டது. அந்தத் தம்பிக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவர் மேல் குற்றமில்லை. அதிலிருந்து நாங்கள் விற்கும் ஒவ்வொரு ஹப்பிலும் லாக் நிலைக்கு நேராக மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு போட்டுக் கொடுக்கிறோம். திருகியின் கோடும் உடம்பின் கோடும் ஒன்றாக நின்றால் லாக். நடந்து போகும்போதே தெரியும்.

ஹப் ஃப்ரீயில் இருக்கும்போது லோ கியர் போட்டு மூட்டையோடு ஏற்றம் ஏறுவதும் ஆபத்து. லோ கியரின் முழு விசையும் பின் ஆக்சிலுக்கே போகும், ஷாஃப்ட் முறியும். திருகியைக் கையால்தான் திருப்ப வேண்டும், பிளையர் போடக் கூடாது. வரவில்லை என்றால் வண்டியை முன்னும் பின்னும் கொஞ்சம் நகர்த்தினால் பல் நேராகி, தானே விழும். மாதம் ஒரு தடவையாவது லாக்கில் வைத்துக் கொஞ்ச தூரம் ஓட்டினால் முன் ஆக்சில் கூட்டுக்குள் எண்ணெய் எல்லா இடத்துக்கும் போகும், இல்லாவிட்டால் கோடை முழுக்க ஒரே இடத்தில் நின்று காயும். தானாக லாக் ஆகும் ஹப்பும் இருக்கிறது. அதில் சில பழைய வகைகள் இறக்கத்தில் இன்ஜின் பிடிப்பு வரும்போது ஒரு நொடி விட்டுப் பிடிக்கும், அதனால் இந்த மலைக்கு நான் அதைச் சிபாரிசு செய்வதில்லை.

டீசல் மிச்சம் உண்டு, ஆனால் மூன்று கிலோமீட்டர் எல்லாம் யாருக்கும் வந்ததாக என் கடையில் நான் கேட்டதில்லை. லிட்டருக்கு அரை கிலோமீட்டர் கூடினால் சந்தோஷப்படுங்கள். ஷாஃப்ட், ஜாயிண்ட், கிரவுன், ஆயில் சீல் இவற்றின் ஆயுள் கூடுவதும், ரோட்டில் வண்டி அதிராமல் ஓடுவதும்தான் கைகண்ட பலன்.

வட்டாரப் போக்குவரத்து அதிகாரிகளுக்கும் உங்கள் இதழ் மூலமாக ஒரு கோரிக்கை. முந்தல் சோதனைச் சாவடியில் ஜீப்பை நிறுத்தி எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள் என்று எண்ணுவது அவசியம்தான். அதோடு, ஃபோர் வீல் என்று பதிவான வண்டி என்றால் முன்பக்கம் குனிந்து ப்ரொபெல்லர் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தகுதிச் சான்றுக்கு (எஃப்.சி.) வரும்போது ஹப்பை லாக் செய்யச் சொல்லி, கியரைப் போட்டு, முன் சக்கரம் இழுக்கிறதா என்று பார்த்த பிறகே சான்று கொடுக்க வேண்டும். தோட்ட உரிமையாளர்கள் ஜீப்புக்கு வாடகை பேசும்போதே இதைக் கேட்கலாம். அவர்கள் கேட்டால் ஒரே வாரத்தில் எல்லா ப்ரொபெல்லரும் வண்டிக்குத் திரும்பி வந்துவிடும்.

ஹப்பை எப்போது லாக் செய்வது, எப்போது ஃப்ரீ செய்வது என்பதைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி அச்சடித்து வைத்திருக்கிறோம். ஹப்பை எந்தக் கடையில் வாங்கியிருந்தாலும் பரவாயில்லை, போடிக்கு வருகிற டிரைவர்கள் வந்து வாங்கிக்கொண்டு போய் வண்டியில் ஒட்டிக்கொள்ளலாம். காசு வேண்டாம்.

இப்படிக்கு,
ஜீப் உதிரிபாகக் கடைக்காரர்,
போடிநாயக்கனூர், தேனி மாவட்டம்.